இரண்டு கார் பேட்டரியும் ஓர் எரிகலனும்

காலை எட்டே முக்காலுக்குத்தான் சகாயராணிக்கு நினைவு வந்தது: இன்று ஒன்பது முதல் இரண்டு மணி வரை செக்காலையில் மின்தடை. மாதாந்திரப் பராமரிப்பு. பேப்பரில் படித்தார், மறந்துவிட்டார். ஜெனரேட்டரைப் பங்குக் கோவில் திருவிழாவுக்குக் கொடுத்திருந்தார். இன்வெர்ட்டர் பேட்டரியும் மைக்செட்டோடு போயிருந்தது. ராத்திரி தேர்பவனி முடித்தவர்கள் இன்னும் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

அவருடைய முலாம் பட்டறைத் தொட்டிக்குள் ராக்கெட் எஞ்சினின் எரிகலன் தொங்கியது. செம்பாலானது, குடம் அளவு. அதன்மேல் ஒன்பது நாளாக மின்சாரத்தால் நிக்கல் படிந்து வளர்ந்துகொண்டிருந்தது. அன்று மாலையோடு முடியும். நடுவில் மின்சாரம் நின்றால், அதற்குமேல் படிகிற நிக்கல் ஒட்டாது. எஞ்சின் சூட்டில் தோலாக உரியும்.

சகாயராணி படித்தது பத்தாம் வகுப்பு. ஓர் ஆய்வகத்தில் தினக்கூலிக்குக் குடுவை கழுவிய நான்கு வருடத்தில் இந்த வேலையைக் கற்றார். கணவர் போனபின் இருபத்திரண்டு வருடம் இந்தத் தொட்டிதான் பிள்ளைகளைப் படிக்க வைத்தது. குத்துவிளக்கு, சைலன்சர், பம்ப் உதிரி. கடைசி இரண்டு வருடம் ராக்கெட். இந்த மாசியில் சகாயராணி இறந்தார். இது அதற்கு ஆறு மாதம் முன்பு நடந்தது.

சென்னையில் இரண்டு கம்பெனிகள்: வெண்கனல், நெடுவான். சிறிய செயற்கைக்கோளை யார் முதலில் ஏற்றுவது என்று போட்டி. இரண்டுக்கும் வேண்டிய தொட்டி இங்கே ஒன்றுதான். தொட்டியில் இறங்கியது வேலை முடியாமல் வெளியே ஏறாது என்பது சகாயராணியின் சட்டம். தொட்டியில் இருந்தது வெண்கனலின் எரிகலன்; அதற்குக் காவலாக இளம் பொறியாளர் கல்யாணசுந்தரி இருந்தாள். நெடுவானின் முத்தரசு தன்னுடையதைக் காரில் வைத்துக்கொண்டு மூன்று நாளாகக் காத்திருந்தான்.

"ஏத்தா கல்யாணி, பதினஞ்சு நிமிசத்துல கரண்டு போயிரும்."

"என்னம்மா சொல்றீக? அடுத்த வாரம் எங்களுக்குச் சோதனை!"

வாசலில் முத்தரசு சிரித்தான். "அப்ப நாங்க முந்திட்டோம்னு சொல்லுங்க."

"சிரிக்காதீக தம்பி. இது கெட்டா உரிக்க ரெண்டு நாளு, மறுபடி நிக்கல் ஏத்தப் பத்து நாளு. அதுக்குப் பெறகுதான் உங்களது இறங்கும்."

சிரிப்பு நின்றது. "என்ன வேணும்?"

"உங்க ரெண்டு பேரு கார் பேட்டரியும்."

பேட்டரிக்கு வேகம் அதிகம். அதைக் குறைக்க இரும்புக் கம்பிச் சுருளை, சூடேறாமலிருக்கத் தண்ணீர் வாளியில் முக்கி, அதன் வழியாக இணைத்தார். முழு மின்னோட்டம் வேண்டாம். பூஜ்ஜியமாகாமல் இருந்தால் போதும். ஒன்பதுக்கு மின்விசிறி நின்றது. ஆம்பியர் மீட்டரின் முள் அறுபதிலிருந்து விழுந்து, பதினான்கில் நடுங்கி நின்றது.

"நிக்குது!" என்று கத்தினாள் கல்யாணசுந்தரி.

கலக்கும் மோட்டாரும் நின்றிருந்தது. முத்தரசு கையில் துடுப்பு வந்தது.

"எதிராளி எஞ்சினுக்கு நான் கிண்டுறேன். ஆபீஸ்ல தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிரும்."

"நல்லாக் கிண்டு. அடி பிடிச்சிரப் போகுது" என்றாள் கல்யாணசுந்தரி.

பதினொன்றரைக்கு முதல் பேட்டரி தளர்ந்தது. இரண்டாவதைச் சேர்த்தபிறகே சகாயராணி முதலாவதைக் கழற்றினார். மணி இரண்டு. கரண்டு வரவில்லை. முள் எட்டு, ஏழு, ஐந்து. இரண்டு பதினொன்றுக்கு மின்விசிறி சுற்றியது. பக்கத்துக் கடைக்காரர் ஓடிவந்து எட்டிப் பார்க்கும் அளவுக்கு மூவரும் கூச்சலிட்டார்கள்.

ஆறு மணிக்கு, எரிகலனோடு தொங்கவிட்ட மாதிரித் தகட்டைச் சகாயராணி எடுத்தார். முன்னும் பின்னும் வளைத்தார், ஒடியும்வரை. ஒடிந்த விளிம்பைக் கண்ணருகே பிடித்து, நகத்தால் கீறினார்.

"உரியல."

கல்யாணசுந்தரி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். எரிகலன் அவள் காரில் ஏறியது. கார் கிளம்பவில்லை, பேட்டரியில் உயிரில்லை. அது பட்டறை வாசலை மறித்து நின்றது.

"அவ போனாத்தான் உங்களது உள்ள வரும். தள்ளுங்க தம்பி."

முத்தரசு தள்ளினான். தெருமுனையில் எஞ்சின் பிடித்தது. கல்யாணசுந்தரி ஹாரன் அடித்துக்கொண்டே போனாள்.

"முந்திட்டுப் போறா பாருங்கம்மா!"

"பாத்துக்கிட்டே நின்னா எப்படி? தூக்கிட்டு வாங்க உங்களத" என்றார் சகாயராணி.