ஞாயிற்றுக்கிழமைக் கடல்சாமி

தாம்பரம் பக்கம் கடல் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் முடிச்சூர் வரைக்கும் கடல் மாதிரி ஒன்று வரும். அதில் படகு விடுவார்கள், பார்வையிட யாராவது வருவார்கள். மற்ற மாதங்களில் கடல் வேண்டுமென்றால் நாமேதான் உண்டாக்கிக்கொள்ள வேண்டும். நான் உண்டாக்கினேன். பீர்க்கன்கரணை ஏரிக்கு எதிரே, இரண்டாம் மாடியில், சாப்பாட்டு மேஜையின் மேல்.

ஐம்பதை நெருங்கும் ஆட்கள் ஞாயிறு மாலைகளில் கற்பனை ஊர்களில் அலையும் விளையாட்டு இது. ஒருவர் கதை நடத்துவார். "எதிரே ஒரு குகை, என்ன செய்கிறீர்கள்?" என்பார். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். வாளை உருவுவதா, ஓடுவதா என்று சொல்வார்கள். வெட்டு விழுந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். ஊரடங்கில் பொழுது போகாமல் ஆரம்பித்தோம். ஊரடங்கு போய்விட்டது, இது போகவில்லை. கதை நடத்துவது நான். என் கல்லூரி நண்பன் போர்வீரன். நிஜத்தில் பெருங்களத்தூரில் ஹார்டுவேர் கடை. விமானப்படையில் ஓய்வு பெற்ற மேல்வீட்டு சார் மந்திரவாதி. என் மனைவி திருடி.

அந்தக் கடைசிக் கதையின்போது மனைவி என்ற சொல் சட்டப்படி மட்டும்தான் சரியாக இருந்தது. அவள் கூடுவாஞ்சேரியில் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சண்டை எதுவும் இல்லை. நடுவில் மூன்றாம் ஆளும் இல்லை. இருந்திருந்தால் அவரைத் திட்டியாவது கொஞ்ச காலம் ஓட்டியிருக்கலாம். "உன்கிட்ட எதைச் சொன்னாலும் ஜோக்காயிடுதுப்பா" என்றாள், ஒருநாள் துணி மடித்துக்கொண்டே. நான் அதற்கும் ஏதோ ஒரு ஜோக் சொன்னேன்.

இருவரும் சேர்ந்து விவாகரத்து மனு கொடுத்தோம். ஆறு மாதம் கழித்து வாருங்கள், அதற்குள் மனம் மாறினாலும் மாறலாம் என்று அனுப்பினார்கள். சட்டம் எழுதியவர்களில் என்னைப் போல ஒருவன் இருந்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதமும் அவள் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக்கு மட்டும் வந்துகொண்டிருந்தாள். "ஆரம்பிச்ச கதையை முடிச்சுடலாம்" என்றாள். எதையும் பாதியில் விடுவது அவளுக்குப் பிடிக்காது. கல்யாணம் ஏன் இதில் சேரவில்லை என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கதைதான் கடல்சாமி கோவில். கரையோரப் பாறையில் பாதி முழுகிக் கிடக்கும். சாமிக்கு முகம் கிடையாது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் சிப்பிகள், மூச்சு விடுவதுபோலத் திறந்து மூடும். கொடுத்த எதையும் திருப்பித் தராத சாமி. உள்ளே வந்தவர் யாரும் வெளியே போனதில்லை. இவர்கள் மூவரும் வெளியே போய்விட்டால் கதை முடிந்தது.

இதையெல்லாம் நன்றாகவே யோசித்திருந்தேன். கோவிலைத்தான் கோட்டைவிட்டேன். பள்ளிக்கூடங்களுக்கு வாத்தியார்களையும் பாடகர் குழுவுக்கு ஆட்களையும் தலைமுறை தலைமுறையாகச் சப்ளை செய்துவந்த கிழக்குத் தாம்பரத்துக் கிறிஸ்தவக் குடும்பம் என்னுடையது. என் வரைபடத்தைப் பார்த்து அவள் நெற்றியைச் சுருக்கினாள்.

"என்னப்பா இது?"

"கோவில்."

"கோவில்ல எதுக்கு பெஞ்சு?"

"உட்காரத்தான்."

"யாரு, சாமியா?"

மாடியில் பாடகர் குழு நிற்க இடம் விட்டிருந்தேன். பூசாரிகள் காணிக்கைப் பையோடு வரிசை வரிசையாக வருவதாக எழுதியிருந்தேன். அவள் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "ஆக்டோபஸ் வச்ச சர்ச்சுப்பா இது." அந்த வீட்டில் அவள் அப்படிச் சிரித்து எவ்வளவோ காலமாகியிருந்தது. பிறகு பென்சிலை வாங்கி, பெஞ்சுகளை அழித்துவிட்டு, கொடிமரம், பிரகாரம், மண்டபம், எல்லாவற்றுக்கும் உள்ளே இருட்டாகச் சின்னதாக ஒரு கருவறை என்று வரைந்து கொடுத்தாள். சாமியைச் சுற்றி நடக்கத்தான் இடம் வேண்டும், உட்கார இல்லை என்றாள்.

முதல் நாள் ஆட்டமே சிக்கலாகிவிட்டது. பயங்கரமான கோவில் வாசலில் மூன்று பேரும் செருப்பைக் கழற்றினார்கள். யாரும் சொல்லவில்லை. 'கழற்றறேன்' என்று வாய் தானாகச் சொன்னது. உள்ளே பிணநாற்றம் என்கிறேன். மந்திரவாதி வலமாகச் சுற்ற வேண்டுமா என்று கேட்கிறார். போர்வீரன் கன்னத்தில் போட்டுக்கொள்கிறான்.

"பிரசாதம் எதுனா கீதா மச்சான்?"

"அழுகின மீன்."

"தொன்னைல குடுப்பாங்களா?"

இப்படி நாலைந்து வாரத்தில் முடித்திருக்க வேண்டிய கோவில். ஆனால் கோவில் முடிந்தால் ஞாயிறும் முடிந்தது. அது எனக்கு வெகு சீக்கிரம் புரிந்துவிட்டது. அதனால் அறைகள் சேர்க்க ஆரம்பித்தேன். ஆபீசில் கூட்டம் நடக்கும்போது பிரகாரத்துக்கு வெளியே இன்னொரு பிரகாரம் கட்டினேன். கருவறைக்குக் கீழே கிணறு, கிணற்றுக்குள் படிக்கட்டு, படிக்கட்டு இறங்கினால் இன்னொரு மண்டபம். அவள் எத்தனை பூட்டைத் திறந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு கதவு இருந்தது.

"இன்னா மச்சான், இது கோவிலா ஜி.எஸ்.டி. ரோடா?" என்றான் நண்பன். "போய்கினே கீது."

"போன வாரம் இதே தூணைப் பார்த்த மாதிரி இருக்கு சார்" என்றார் மேல்வீட்டு சார். விமானப்படைக்காரர், வழியை மறக்கமாட்டார்.

அவள் காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு முந்தைய ஞாயிறு. புதிதாக ஒரு பாதாள அடுக்கை வரைந்து, மேஜைக்கு அடியில் தயாராக வைத்திருந்தேன். குறைந்தது ஏழெட்டு வாரத்துக்கு வரும். போர்வீரன் வாளை உருவினான். மந்திரவாதி கடைசி மந்திரத்தை மிச்சம் வைத்திருந்தார். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"இந்தக் கோவில்ல நடை எப்ப சாத்துவாங்க?"

அவளுடைய அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஒருமுறை சிங்கப்பெருமாள் கோவிலுக்கு நேரம் தப்பிப் போய், சாத்திய கதவுக்கு வெளியே காரில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தவன் நான். அதனால் யோசிக்காமல் வாயைக் கொடுத்துவிட்டேன்.

"மத்தியானம்."

"இப்ப கதைல மணி என்ன?"

"மத்தியானம் ஆகப்போகுது."

"அப்ப நாங்க சண்டை போடலை. இந்தத் தூண்கிட்ட உக்காந்திருக்கோம்."

"சிஸ்டர், சாமி சும்மா வுடுவாரா?" என்றான் நண்பன், வாளோடு.

"சாமி விடாட்டி என்ன. நடை சாத்தறப்ப உள்ள யாரையும் வச்சுப் பூட்ட மாட்டாங்க. அவங்களே நம்மளை விரட்டுவாங்க."

மேல்வீட்டு சார் மெதுவாகத் தலையாட்டினார். "கரெக்டு. எந்தக் கோவில்லயும் அதான்."

நண்பன் பகடையை எடுத்தான். அவள் அவன் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்தாள். "கோவில் சாத்தறதுக்கு எதுக்கு பகடை?"

கதை நடத்துபவன் எது வேண்டுமானாலும் சொல்லலாம். இந்தக் கோவிலில் நடை சாத்துவதே கிடையாது என்று சொல்லலாம். கடல் பொங்கி வாசலை மூடிவிட்டது என்று சொல்லலாம். மேஜைக்கு அடியில் காகிதம் தயாராக இருந்தது. சொல்ல வாயைத் திறந்தபோது அவள் என்னைப் பார்த்தாள். கோபம் இல்லை. காய்ச்சல்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"போதும்ப்பா" என்றாள்.

மீன் கண்ணுடைய பூசாரிக்கு நான் ஒரு கரகரத்த குரல் வைத்திருந்தேன். அந்தக் குரல் வரவில்லை. என் சொந்தக் குரலிலேயே சொன்னேன்.

"கிளம்புங்க, கிளம்புங்க. நடை சாத்தணும்."

முதலில் போர்வீரன் வெளியே போனான். பின்னால் மந்திரவாதி. அவள் கடைசியாக. வெளியே வந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்க வேண்டும், அதுதான் முறை. கேட்டேன். போர்வீரன் கள்ளுக்கடைக்குப் போனான். மந்திரவாதி தூங்கப் போனார்.

"நீ?"

"நடக்கறேன்."

"எந்தப் பக்கம்?"

"கடல் இல்லாத பக்கம்."

நண்பன் முறுக்குத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினான். அவள் ஒன்றை எடுத்து, தின்னாமல் கையில் வைத்திருந்தாள். "அந்த சாமி பாவம்ல" என்றாள், யாரிடமும் இல்லாமல்.

"நாலு மணிக்குத் திறப்பாங்க" என்றேன்.

அதை அவள் ஜோக்காக எடுத்துக்கொண்டாளா என்று தெரியவில்லை. நான் ஜோக்காகச் சொல்லவில்லை. அவளுக்கு வித்தியாசம் தெரியும்படி நான் பேசிப் பழகியதில்லை.

பெருங்களத்தூர் ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போனேன். செங்கல்பட்டு வண்டி தாம்பரத்தைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார்கள். பிளாட்பாரத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், தூங்கிப்போன குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு.

"புதன்கிழமை பத்து மணிக்கு" என்றாள். "லேட்டா வராத."

"வர மாட்டேன்."

வண்டி வந்தது. பெண்கள் பெட்டியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"ஃப்ரிட்ஜ்ல இருக்கற மாவு ரொம்ப புளிச்சிடுச்சு. கொட்டிடு. தோசை ஊத்தறேன்னு ஆரம்பிக்காத."

சரி என்றேன். வண்டி நகரும் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்டிருக்காது. வீட்டுக்கு வந்து மாவைக் கொட்டினேன். பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்தேன்.