சாய்ந்து நின்ற குழாய்கள்

சிதம்பரத்தில் காலை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது கடலூரிலிருந்து போன் வந்தது. "அத்தா மௌத்தாயிட்டாங்க டாக்டர்" என்று, தன் அப்பா இறந்துபோனதைச் சொன்னாள் ஹபீப் பாயின் மகள். நாற்காலியில் வாயைத் திறந்தபடி இருந்தவரிடம் மூடிக்கொள்ளச் சொல்லவும் எனக்குத் தோன்றவில்லை.

நான் பல் மருத்துவ மேற்படிப்புப் படித்த கல்லூரியில் பாய் லேப் டெக்னீஷியன். தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருவார். அடிக்கடி வாய்ப்புண் வருகிறவர்களுக்கு, புண் கடுமையாகும்போது ரத்தத்தில் அழற்சியும் கூடுகிறதா என்பது என் ஆய்வு. கண்ணாடிக் குழாயில் ஒரு மணி நேரம் நிற்கும் ரத்தத்தில் சிவப்பணுக்கள் எவ்வளவு இறங்கின என்று அவர் அளந்து தருவார். அழற்சி இருந்தால் வேகமாக இறங்கும். அரை நிமிடம் பாக்கியிருந்தாலும் அளவைச் சொல்ல மாட்டார். "ரத்தத்துக்கு உங்க அவசரம் தெரியாது டாக்டர்" என்பார். நோன்பு மாத மாலைகளில் பள்ளிவாசல் கஞ்சியை வாங்கிவந்து, காரம் தாங்காத நோயாளிகளுக்கு ஊற்றிக் கொடுப்பார்.

முடிவுகள் நான் ஆசைப்பட்டபடியே வந்தன. ஆய்வேட்டைக் கொடுக்கச் சில நாள்களே இருந்தபோது பாய் வந்து நின்றார்.

"தப்பு நடந்துபோச்சு டாக்டர். புண்ணு ஜாஸ்தியா இருக்கவங்க குழாயைத் தனி ஸ்டாண்டுல வச்சேன்ல, அது ஒரு பக்கமா சாஞ்சிருக்கு. இன்னைக்குத்தான் பாத்தேன். சாஞ்சா ரத்தம் சீக்கிரம் எறங்கிடும்."

தனியாக வைக்கச் சொன்னது நான். அதை அவர் சொல்லவில்லை. பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நானோ எல்லார் முன்னிலையிலும், "இத்தனை வருஷமா என்ன வேலை பாத்தீங்க?" என்று கத்தினேன். தலைகுனிந்து கேட்டுக்கொண்டார்.

நோயாளிகளை மறுபடி கூப்பிட்டோம். வராதவர்களின் வீடுகளுக்கு, பண்ருட்டி வரைக்கும், அவரே போய் ரத்தம் எடுத்துவந்தார். நான் நம்பிய தொடர்பு புதிய கணக்கில் நிற்கவில்லை. அதையே எழுதித் தேறினேன். பிறகு எத்தனையோ வருடம் சிரித்துப் பேசியிருக்கிறோம். மன்னிப்பு மட்டும் நான் கேட்கவில்லை, வெட்கமாக இருந்தது.

கடலூர் வீட்டில் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நீங்கதானா அந்த டாக்டரம்மா? நான் அவ்ளோ பெரிய தப்பு செஞ்சும் அவங்க ஒரு வார்த்தை கோவமா பேசலன்னு சொல்லிச் சொல்லி மாஞ்சுபோவாங்க."

இல்லையென்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. வாசலில் பாயின் உடல் வைத்த சந்தூக்கைத் தோளில் ஏற்றினார்கள்.

உங்கள் வீட்டில் என்னை நல்லவளாக்கி வைத்துவிட்டுப் போகிறீர்கள், பாய். மன்னித்துக்கொள்ளுங்கள். போய்வாருங்கள்.