பச்சைக்குக் கீழே ஒரு கோடு

என் மகனுக்கு எட்டாவது மாதத்தில் அவனுடைய எடைக்கோடு கீழ்நோக்கித் திரும்பியது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு டீச்சர். வீட்டுக்காரருக்குக் கொழும்பில் கடை வேலை. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் நானும் மாமியாரும் பிள்ளையும்தான்.

தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்தில், மாதம் ஒருமுறை மருத்துவிச்சி வந்து எடை பார்த்து அட்டையில் புள்ளி வைப்பார். அதுவரை எல்லாப் புள்ளிகளும் சரியான எடையைக் காட்டும் பச்சைப் பட்டையின் அடி விளிம்பை ஒட்டியே இருந்தன. ஒட்டியிருந்தாலும் பச்சை பச்சைதானே என்று அக்கம்பக்கம் முழுக்கக் காட்டிப் பெருமையடித்திருக்கிறேன். அன்று வந்தவர் புது மருத்துவிச்சி. பிள்ளையின் உடுப்பையெல்லாம் கழற்றச் சொன்னார். அவன் குளிரில் வீறிட்டு அழுததில் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. புள்ளி பச்சைக்கு வெளியே விழுந்தது.

"போன மாசத்தவிட கொறஞ்சிருச்சிங்க டீச்சர். அடுத்த மாசமும் பாப்போம்," என்றார்.

அடுத்த மாதமாம். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். என் முதல் பிள்ளையின் அட்டையில் இரண்டே புள்ளிகள். மூன்றாவது புள்ளிக்கு அவள் இருக்கவில்லை. அந்த அட்டை இன்னும் என் பெட்டியில் கிடக்கிறது.

கோடு இதே போக்கில் போனால் எங்கே போய்ச் சேரும் என்று கணிப்பதை ஒன்பதாம் வகுப்புக்கு நான்தான் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே மழைவீழ்ச்சி வரைபு. தப்பாகக் கணித்தால் ஒரு மார்க் போகும், அவ்வளவுதான். வீட்டில் மகனின் அட்டையில் கோடு போடும் அடிமட்டத்தை வைத்து அவன் கோட்டை நீட்டிப் பார்த்தேன். புள்ளி இரண்டு கோடுகளுக்கு நடுவே இருந்தது. கொஞ்சம் மேலே தள்ளி வாசிக்கச் சொல்லி மனம் கெஞ்சியது. எப்படி வாசித்தாலும் மூன்று மாதத்தில் கோடு சிவப்பைத் தொட்டது.

அதற்குப் பிறகு சோறு இறங்கவில்லை. தூங்குகிற பிள்ளையின் நெஞ்சில் கையை வைத்து வைத்துப் பார்த்தேன். கண்ணூறு என்று மாமியார் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். நான் கணக்கு டீச்சர்தான், ஆனாலும் நெடி வருகிறதா என்று மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன்.

ஒரு மழை நாளில் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். சாக்குக்கும் தண்ணீருக்கும் சேர்த்துக் கணக்கப்பிள்ளை எடையில் கழித்துக்கொண்டிருந்தார். ஆயிரம் தடவை பார்த்த காட்சிதான். அன்றைக்கு மட்டும் கால் நகரவில்லை. முந்தைய மாதங்களில் என் பிள்ளையை எதையும் கழிக்காமல்தானே நிறுத்தார்கள்? கம்பளிச் சட்டை, குல்லா, காலுறை, மேலே சுற்றிய கனத்த துணி எல்லாவற்றோடும்தான். உடுப்பைக் கழற்றினால் சளி பிடிக்கும் என்று பழைய மருத்துவிச்சியை நாங்களே விட்டதில்லை.

ஓட்டமாக வீட்டுக்குப் போய் அத்தனையையும் அள்ளிக்கொண்டு கடைக்கு ஓடினேன். துணியையும் கிலோக் கணக்கில் விற்கப் போகிறேனா என்று கடைக்காரர் கிண்டலடித்தார். தராசு ஏறக்குறைய அரைக் கிலோ காட்டியது.

அந்த அரைக் கிலோவைப் பழைய புள்ளிகள் ஒவ்வொன்றிலும் கழித்துப் பென்சிலால் புதுப்புள்ளி வைத்தேன். கோடு விழவே இல்லை. கடைசி மாதத்தில் கொஞ்சம் ஏறிக்கூட இருந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். மாமியார் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து பார்த்தார்.

"என்னங்க டீச்சரம்மா, நல்லாயிட்டானா?" என்று அவரும் சிரித்தார்.

பதில் சொல்ல அட்டையை அவர் பக்கம் திருப்பியபோதுதான் கண்ணில் பட்டது. பென்சில் புள்ளிகளில் ஒன்றுகூடப் பச்சைக்குள் இல்லை. அவன் இந்த மாதம் இளைத்தவன் இல்லை. நான் ஊருக்கெல்லாம் காட்டிப் பெருமையடித்த அத்தனை மாதமும் இளைத்தே கிடந்திருக்கிறான். விழுகிற கோட்டைப் பார்த்தபோது வந்த பயம் இதன் முன்னால் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

விடிந்ததும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினேன். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. தராசருகே இருந்த நர்ஸ் இரக்கப்பட்டு, "குளிருதுங்களே, சட்டை இருக்கட்டும்," என்றார்.

நான் குல்லாவைக் கழற்றினேன். காலுறையைக் கழற்றினேன். அவன் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலற அலறச் சட்டையையும் உருவித் தராசில் வைத்துவிட்டு, முள் நிற்கும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.