மகள் தூங்கும் கூடாரம்

எல்லாரும் கேம்பிங் போவது ஓய்வெடுக்க. நாங்கள் போவதும் அதற்குத்தான் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் எவ்வளவு தூரம் போய்க் கூடாரம் அடித்தாலும், காதருகே ஆறு ஓடினாலும், விடிவதற்கு வெகு முன்னால் எனக்குக் கண் திறந்துகொள்ளும். அலாரம் தேவையில்லை. பல வருடங்களாக அந்த நேரத்தில் எழுந்து, மோட்டார் சைக்கிளை எடுத்து, பெர்மாஸ் ஜெயாவிலிருந்து எல்லைப் பாலத்துக்குப் போய், மற்ற மோட்டார்களின் புகையைக் குடித்தபடி அங்குலம் அங்குலமாக நகர்ந்து, சிங்கப்பூரில் ஏர்கோன் பழுது பார்க்கும் உடம்பு இது. இன்று விடுமுறை என்று அதற்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

என் மனைவிக்கு இது வேடிக்கை. "தூங்கப் போறேன் தூங்கப் போறேன்னு இவ்ளோ தூரம் வந்துட்டு, கோழிக்கு முன்னால எழுந்து உட்காந்துக்கிறீங்க. வீட்டுலயே உட்காந்திருந்தா பெட்ரோலாவது மிஞ்சியிருக்கும்" என்பாள். அவள் பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். ஷிப்ட் மாறி மாறி வருவதால் எந்த நேரத்திலும் தூங்கவும் எழவும் கற்றுக்கொண்டவள். படுத்த மாத்திரத்தில் தூங்கிவிடுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும்.

நாங்கள் மூன்று குடும்பம். நாங்கள், மனைவியின் தம்பி வீட்டார், பக்கத்து வரிசையில் குடியிருக்கும் அண்ணன் வீட்டார். மைத்துனன் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் பாரந்தூக்கி ஓட்டுகிறான். அண்ணன் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல், அங்கே ஒரு கட்டடத்தின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று பேரும் ஒரே பாலத்தைக் கடக்கிறவர்கள்.

முதல் தடவை கேம்பிங் போனபோது, யாரையும் எழுப்பிவிடக் கூடாதென்று கூடாரத்தின் ஜிப்பை மெல்ல மெல்லத் திறந்துகொண்டு இருட்டில் வெளியே வந்தேன். அடுப்புப் பக்கம் பாயில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். அண்ணன். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மற்றொரு ஜிப் திறந்தது. மைத்துனன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டோம். தினமும் அதே நேரத்தில் பார்க்கும் முகங்கள்தாம், ஹெல்மட் மட்டும் இல்லை.

அதிலிருந்து அது வழக்கமாகிவிட்டது. யாரும் திட்டம் போட்டுச் செய்வதில்லை. முந்தின மாலையே ஒரு பாயை விரித்து, அதன்மேல் பிளாஸ்கையும் குவளைகளையும் வைத்துவிடுவோம். விடியும் முன் மூன்று பேரும் வந்து உட்கார்ந்து கோப்பி குடிப்போம். என்ன பேசுவோம் என்று நினைக்கிறீர்கள்? பாலத்தைப் பற்றித்தான். எந்த வரிசை சீக்கிரம் நகர்கிறது, மழை பெய்தால் எந்த மேம்பாலத்தடியில் ஒதுங்கலாம், யாருக்கு முழங்கால் வலி. காட்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, தப்பித்து வந்த இடத்தைப் பற்றியே பேசுவோம். சலிப்பாக இருக்கும், ஆனால் வேறு பேச்சு வராது.

பிறகு எதற்கு வருடா வருடம் போகிறேன் என்று கேட்டால், அதற்கு ஒரே காரணம்தான். என் மகள் தூங்குவதைப் பார்க்க.

சொன்னால் சிரிப்பார்கள், அதனால் யாரிடமும் சொன்னதில்லை. அவள் பிறந்த நாளிலிருந்து நான் வீட்டை விட்டுக் கிளம்பும்போது வீடு இருட்டு. அவள் தூங்கும் அறையில் விளக்குப் போட முடியாது. திரும்பி வரும்போதும் பாதி நாள் இருட்டித்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஓவர்டைம், இல்லையென்றால் மோட்டார் வேலை, கல்யாணம், கோயில். வெளிச்சத்தில், அவசரமில்லாமல், என் பிள்ளை தூங்கும் முகத்தை நான் பார்த்ததெல்லாம் கூடாரத்தில்தான். வெயில் ஏற ஏற அந்த நீலத் துணி வழியாக உள்ளே ஒரு நீல வெளிச்சம் இறங்கும். வாயை லேசாகத் திறந்துகொண்டு, ஒரு காலைப் போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு தூங்குவாள். நான் ஜிப்பைக் கொஞ்சம் திறந்து வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பேன்.

அவள் தூக்கம் எங்கள் மூன்று குடும்பத்திலும் பேர்போனது. ஆடு வந்து கூடாரத்தை முட்டினாலும் எழமாட்டாள். மற்றவர்கள் குளித்துச் சாப்பிட்டு, சட்டி பானையைக் காரில் ஏற்றி, எல்லாக் கூடாரத்தையும் மடித்த பிறகும் எங்களுடையது மட்டும் நிற்கும். கடைசியில் என் மைத்துனன் முளைகளைப் பிடுங்கி, கம்பிகளை உருவி, அவளைச் சுற்றியே கூடாரத்தைப் பிரித்துவிடுவான். முகத்தில் வெயில் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்து, "யாரு லா லைட்டப் போட்டது?" என்பாள். சின்ன வயதில் ஒரு தடவை சொன்னது. அதைச் சொல்ல வைப்பதற்காகவே பிற்பாடு ஒவ்வொரு தடவையும் அப்படிப் பிரித்தோம்.

இந்த வருடம் போனபோது எனக்கு மனது சரியில்லை. மகள் டிப்ளோமா முடித்திருந்தாள், மின்சாரத் துறையில். இரண்டு இடத்தில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஒன்று இந்தப் பக்கம் செடெனாக்கில், எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது பெரிய பெரிய கட்டடங்களாக எழுப்பியிருக்கிறார்களே, அங்கே. இன்னொன்று பாலத்துக்கு அந்தப் பக்கம். திங்கட்கிழமைக்குள் இரண்டு இடத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். அவள் செடெனாக் போக வேண்டும் என்று நான் விரும்பினேன். விரும்பினேன் என்பது சும்மா பேச்சு, எனக்கு அது நடந்தே ஆக வேண்டும். என்னைப் போல அவளும் அந்தப் புகையில் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். கோத்தா திங்கியைத் தாண்டி, செம்பனைகளுக்கு நடுவே மண்சாலையில் கொஞ்ச தூரம் போனால் ஓர் ஆற்றங்கரை. நிலத்துக்காரர் ஒரு மலாய்ப் பெரியவர். பாக்சிக் என்று கூப்பிடுவோம். வாசலில் கயிறு கட்டி, பளபளக்கும் பச்சை மேலங்கியோடு நின்றுகொண்டு, முன்பதிவு செய்ததைக் காட்டச் சொல்லிக் கையை நீட்டினார். முதல் கார் மைத்துனனுடையது. கண்ணாடியை இறக்கி, மார்பில் தொங்கிய பையைத் திறந்து, பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தான். இப்போதெல்லாம் பாலத்தில் போனைக் காட்டினாலே போதும். ஆனாலும் சீருடை மாதிரி எதையாவது போட்டுக்கொண்டு யாராவது கை நீட்டினால் எங்கள் கை அங்கேதான் போகிறது. பாக்சிக் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சிங்கப்பூரா? இனி கோத்தா திங்கி லா, டிக்" என்றார். இது கோத்தா திங்கிதான் தம்பி என்று மலாயில் அவர் அவ்வளவு கனிவாகச் சொன்னதில் எங்கள் மூன்று காரும் குலுங்கின.

பின் காரில் சிரித்து முடித்த நான் குனிந்து பார்த்தேன். என் கையும் சட்டைப் பையில்தான் இருந்தது.

அன்று பகல் நன்றாகவே போனது, இல்லையென்று சொல்லமாட்டேன். பிள்ளைகள் ஆற்றை விட்டு ஏறவே இல்லை. மைத்துனன் கோழியைச் சுட்டதில் பாதி கரி. அண்ணன் வீட்டு அண்ணி நெத்திலிச் சம்பல் செய்து கொண்டுவந்திருந்தார், கரியையும் அது தின்ன வைத்தது. என் மனைவி பாவாடையை முழங்கால் வரை தூக்கிச் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, வழுக்கி விழுந்து, எழ முடியாமல் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகிவிட்டது. நான் மர நிழலில் நாற்காலியில் சாய்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். கண் எரிந்ததே தவிரத் தூக்கம் வரவில்லை.

சாயங்காலம் மகள் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

"என்னா முடிவு பண்ணே?"

"யோசிக்கிறேன்பா."

"செடெனாக் நல்ல இடம்மா. புதுசு. நம்ம கார எடுத்துக்கிட்டுப் போ."

"அங்க போறதுக்கும் ரோடு ஜேம்தான்பா."

"ஜேம்னாலும் நம்ம நாட்டு ஜேம்" என்றேன். எனக்கே அது என்ன நியாயம் என்று தெரியவில்லை. அவள் சிரித்தாள்.

"உனக்குத் தூக்கம் வேணும்மா. நீ தூங்கற பிள்ள" என்றேன்.

"தூக்கத்துக்காக யாராவது வேல தேடுவாங்களா?"

"தேடணும். நான் தேடல, அதான் சொல்றேன்."

காலால் தண்ணீரைத் தள்ளினாள். பிறகு, "நீங்க எப்பப்பா அங்க போறத நிறுத்தப் போறீங்க?" என்று கேட்டாள்.

"நீ வேலைக்குப் போயி நல்லா நின்னதும்."

சொல்லியிருக்கக் கூடாது. வாயிலிருந்து வந்துவிட்டது. அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், அவ்வளவுதான். அதற்குள் என் மனைவி சாப்பிடக் கூப்பிட்டாள்.

மறுநாள் வழக்கம்போல முழிப்பு வந்தது. கூடாரத்துக்கு வெளியே வந்தேன். அண்ணன் பாயில் இருந்தார். மைத்துனன் கோப்பி ஊற்றிக்கொண்டிருந்தான். பாலத்தில் அந்த வாரம் பெய்த மழையைப் பற்றிப் பேச்சு ஆரம்பித்திருந்தது. நான் உட்கார்ந்து குவளையைக் கையில் வாங்கியதும், எங்கள் கூடாரத்தின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது. மனைவி கழிப்பறைக்குப் போகிறாள் என்று நினைத்துக்கொண்டு, "டார்ச்ச எடுத்துக்கிட்டுப் போ" என்றேன்.

மகள் வந்து நின்றாள்.

முகம் கழுவியிருந்தாள். தலைமுடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். தூக்கத்திலிருந்து பாதியில் எழுந்து வந்தவள் மாதிரி இல்லை.

"கொசுவா கண்ணு?" என்று அண்ணன் கேட்டார்.

"இல்ல பெரியப்பா."

"வயிறு வலிக்குதா?" என்று நான் கேட்டேன். வலிக்கட்டும் என்றுகூட ஒரு கணம் ஆசைப்பட்டேன்.

"இல்லப்பா. முழிப்பு வந்துருச்சி." பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "கொஞ்ச நாளா வீட்டுலயும் இந்த நேரத்துக்கு முழிச்சிக்கிறேன். நீங்க மோட்டார ஸ்டார்ட் பண்றதக் கேட்டுக்கிட்டு படுத்திருப்பேன். முடியுதான்னு பழகிப் பாத்தேன்."

அண்ணன் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார். பாலத்தில் ஒரு மோட்டார் உள்ளே நுழைய நாங்கள் நகர்ந்து விடுவோமே, அதே மாதிரி, யோசிக்காமல். மைத்துனன் நாலாவது குவளையை எடுத்தான். எனக்கு அவன் கையிலிருந்து அதைப் பிடுங்க வேண்டும் போலிருந்தது.

"இந்தப் பக்கமே நல்லாத் தூங்க விடுற வேல இருக்கும்மா" என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

"நான் நின்னுட்டா நீங்க நிறுத்துறேன்னு சொன்னீங்கல்ல? சீக்கிரம் நிக்கணும்னா சம்பளம் அங்கதான்பா." அடம் பிடிக்கிற குரல் இல்லை அது. கணக்குப் போட்டு முடித்துவிட்ட குரல். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "போயிப் படுங்கப்பா. என் போர்வ சூடா இருக்கும். நான் இங்க இருக்கேன்."

சண்டை போட்டிருக்கலாம். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் அப்படி ஒரு களைப்பு. எழுந்து கூடாரத்துக்குள் போய் அவள் படுத்திருந்த இடத்தில் படுத்தேன். உண்மையிலேயே சூடாக இருந்தது. வெளியே அண்ணன், இடப்பக்க வரிசையில் நிற்காதே, அங்கே கனரக வண்டிப் புகை முகத்தில் அடிக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். மழைக்கோட்டை எங்கே வாங்கலாம் என்று மைத்துனன் சொன்னான். அவள் ஏதோ கேட்டாள், மூவரும் சிரித்தார்கள். எழுந்து போய் அந்தப் பேச்சை நிறுத்த வேண்டும் என்று நினைத்தேன். நினைத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது.

முகத்தில் வெயில் விழுந்தது. கண்ணைத் திறந்தால் மேலே துணி இல்லை, வானம். சுற்றிலும் எல்லாக் கூடாரத்தையும் மடித்துக் காரில் ஏற்றியிருந்தார்கள். சாப்பிட்டு முடித்த தட்டுகள் கழுவிக் காய்ந்திருந்தன. என் மனைவி தள்ளி நின்று வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். உருவிய கம்பிகளைக் கையில் பிடித்தபடி என் மகள் பக்கத்திலேயே நின்றாள். எவ்வளவு நேரமாக அப்படி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ தெரியவில்லை.

நான் என்ன சொல்ல வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும். காத்திருந்தார்கள்.

எனக்கோ அப்படியொரு கோபம். அவள் மேல் இல்லை, என் மேல். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அவ்வளவு நன்றாகத் தூங்கியிருந்தேன்.