பாலவாக்கத்தில் ஒரு துண்டு பாக்கி

நடப்பது எனக்குப் பிடிக்காது. மயிலாப்பூரிலிருந்து பாண்டிச்சேரி வரை நடந்தவள் என்று யாராவது என்னை அறிமுகம் செய்தால் எரிச்சல்தான் வருகிறது. தி.நகரில் ஒரு துணிக்கடையில் புடவை விற்றவள் நான். வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் மேனேஜர் கத்துவான். வேலையை விட்டபோது என் கால் நரம்புகள் முடிச்சு முடிச்சாகச் சுருண்டிருந்தன. இனி சாகும்வரை உட்கார்ந்தே இருப்பது என்றுதான் முடிவு செய்திருந்தேன்.

அதற்குப் பிறகு அடையாறில் ஒரு மையத்துக்கு மதிய நேரங்களில் உதவிக்குப் போனேன். கை கால் சரியாக இயங்காத பிள்ளைகளுக்கு அங்கே பயிற்சி கொடுப்பார்கள். வந்துகொண்டிருந்தவர்களில் ஒருத்திக்குப் பதினாறு வயது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடப்பாள், எல்லோரையும் கிண்டல் செய்வாள். அவர்கள் வீடு ஆற்றங்கரையில் இருந்தது. அங்கிருந்த வீடுகளை இடித்து, குடும்பங்களை ஊருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வளர்ந்த பெண்ணைத் தூக்கிக்கொண்டு எந்த அம்மாவால் இரண்டு பஸ் ஏறி இறங்க முடியும்? அவள் வருவது நின்றது. அதே குடியிருப்பில் அவளைப் போல இன்னும் சில பிள்ளைகள். மையத்துக்கு ஒரு வேன் இருந்தால் எல்லோரையும் அழைத்து வரலாம். இல்லையென்றால் அவள் முழங்கால்கள் மடங்கியபடியே இறுகிவிடும் என்று பயிற்சி கொடுக்கும் பெண் சொன்னாள்.

நடந்து பணம் திரட்டலாம் என்றவர் மையத்தின் கணக்கைப் பார்க்கும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. மயிலாப்பூர்க்காரர். ஞாயிறுதோறும் விடியற்காலையில் கொஞ்ச தூரம் நடப்பது, வெயில் ஏறியதும் பஸ்ஸில் திரும்பிவிடுவது, அடுத்த ஞாயிறு விட்ட இடத்துக்கே பஸ்ஸில் போய் அங்கிருந்து தொடர்வது. நடுவில் ஓர் அடிகூட விட்டுப்போகக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். தெரிந்தவர்கள் பணம் தந்தார்கள். வேளச்சேரியில் ஒரு பெரிய அடுக்குமாடிச் சங்கத்தின் செயலாளர், முழுத் தூரத்தையும் நடந்து முடித்தால் வேனுக்குக் குறைவதைச் சங்கம் தரும் என்றார். தொடக்க நாளன்று அந்தப் பதினாறு வயதுப் பெண்ணைப் பேனருக்குக் கீழே உட்கார வைத்தால் நன்றாக இருக்கும் என்றும் சொன்னார்.

அவள் அம்மாவிடம் கேட்டேன்.

“எம் பொண்ணு இன்னா கொலு பொம்மையா? அதெல்லாம் ஒக்கார வெக்க மாட்டேன். வேணும்னா நான் நடக்கறேன்க்கா.”

அப்படித்தான் நாங்கள் மூன்று பேரானோம். ஆறு நாள் நான்கு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு ஏழாவது நாள் அவள் எங்களைவிட வேகமாக நடந்தாள்.

ஒவ்வொரு முறையும் நிறுத்திய இடத்தை வங்கிக்காரர் போனில் படம் எடுத்துக்கொள்வார். முதல் வாரம் அடையாறு டெப்போ வாசல். இரண்டாம் வாரம் பாலவாக்கத்தில் எனக்குத் தாகம் தாங்கவில்லை, ஓர் இளநீர் வண்டிக்கு முன்னால் நின்றோம். அவர் அந்த வண்டியைப் படம் எடுத்தார். அடுத்த வாரம் பஸ்ஸின் ஜன்னல் வழியே வண்டியைப் பார்த்ததும் இறங்கினோம், அதைத் தொட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தோம். மூளை உள்ளவர்கள் சக்கரம் வைத்த ஒன்றை அடையாளமாக வைத்துக்கொள்வார்களா? மூன்று பேர் வைத்துக்கொண்டோம்.

அந்த முட்டாள்தனம் தெரிந்தது பாண்டிச்சேரியைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போதுதான். பஸ்ஸில் அம்மாக்காரிக்குத் தலை சுற்றியது. பாலவாக்கத்தில் இறங்கி அவளை அந்த இளநீர்க்காரரின் ஸ்டூலில் உட்கார வைத்தோம்.

“இன்னாக்கா, இன்னும் நடந்துக்கினுதான் கீறீங்களா?” என்றார் அவர்.

“முடிச்சிட்டோம். நீதான் ஒரே எடத்துல ஜாலியா நின்னுக்கினு கீற” என்றாள் அவள்.

“யாரு, நானா? ரோடு வேலைன்னு தொரத்திட்டாங்களே! நீங்க மொத தபா குடிச்சது அதோ, அந்த வளைவாண்ட. நீங்க அடுத்த தபா வர்றதுக்குள்ள நான் இங்க வந்துட்டேன்.”

இளநீரைக் கீழே வைத்தேன். “அப்ப நடுவுல?”

“நடுவுல பஸ்ஸுல வந்தீங்க. நான் இன்னா மைல்கல்லா, நட்ட எடத்துலயே நிக்க?”

வளைவு வரை பார்த்தேன். அதிக தூரமில்லை. அப்போதே நடந்திருப்போம், ஆனால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வங்கிக்காரர் என் பக்கம் குனிந்தார். “விடுங்கோ. யாருக்குத் தெரியப் போறது?”

“எனக்குத் தெரியும் சார். ஓர் அடி விடக் கூடாதுன்னு சட்டம் போட்டது நீங்க.”

அடுத்த ஞாயிறு வந்து முடிப்பது என்று சொல்லிப் பிரிந்தோம்.

புதன்கிழமை அந்தப் பெண்ணே போன் செய்தாள். “அக்கா, அந்தத் துண்டை நான் நடக்கறேன்.”

“உன்னால ஆகாது.”

“எல்லாரும் எனக்கோசரம் நடக்கிறீங்க. நான் இன்னா செத்தா பூட்டேன்?”

சரி என்றேன். ஞாயிறு காலை அந்த வளைவுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள். நடைபாதை என்று ஒன்று கிடையாது. மணல், நிறுத்தி வைத்த கார்கள், எதிர்த்திசையில் வரும் பைக்குகள். நான் ஒரு மடக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். பத்தடி நடப்பாள், உட்காருவாள். ஹாரன் அடித்தவனை நான் திட்டினேன். அவள் என்னைவிட நன்றாகத் திட்டினாள். பாதிக்கு மேல் வந்துவிட்டோம். பிறகு வலது முழங்கால் மடங்கியது, நிமிரவே இல்லை. மாதக்கணக்காகப் பயிற்சி இல்லாத கால். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மிச்சம் கண்ணுக்கு எதிரில் தெரிந்தது.

“நாலு எட்டுதான். நான் நடந்துட்றேன், வேன் வரட்டும்” என்று அவள் அம்மா கிளம்பினாள்.

“நடந்தன்னா உன்னோட பேச மாட்டேன். அது என்னோடது.”

“வேனு வராங்காட்டி இன்னாடி பண்ணுவ? என் முதுவுல ஏறிக்கினு போவியா?”

அம்மாவின் குரல் உடைந்தது. பெண் தலையைத் தூக்கவில்லை, வாக்கரையும் விடவில்லை. வங்கிக்காரர் என்னைப் பார்த்தார். நான் நடந்திருந்தால் இரண்டு நிமிடத்தில் எல்லாம் முடிந்திருக்கும். அவளைப் பார்த்த பிறகு அந்த மண்ணில் கால் வைக்க எனக்கு மனம் வரவில்லை. அங்கேயே நின்று செயலாளருக்குப் போன் செய்தேன், நடந்ததைச் சொன்னேன்.

“முழுசா முடிச்சாத்தானேம்மா கமிட்டியில ஒத்துப்பாங்க?”

“முடிக்க அவ கால் நிமிரணும் சார். கால் நிமிரணும்னா அவ அடையாறுக்கு வரணும். வரணும்னா வேன் வேணும். இதுல எதை முதல்ல பண்றதுன்னு உங்க கமிட்டியையே கேட்டுச் சொல்லுங்க.”

போனை வைத்துவிட்டேன். “கெடுத்துட்டேளே” என்றார் வங்கிக்காரர். அந்த அம்மா என்னோடு இரண்டு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் கோபம் நியாயம்தான்.

மூன்றாவது வாரம் சங்கத்திலிருந்து பணம் வந்தது. இரக்கத்தில் கொடுத்தார்களா, என் வாய்க்குப் பயந்து கொடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை. வாங்கிய வேன் பழையது. மேட்டில் ஏறும்போது முனகுகிறது. வாரத்தில் மூன்று நாள் அந்தக் குடியிருப்பு வாசலுக்குப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வருகிறது. அவள் வலது கால் கொஞ்சம் நிமிர்ந்திருக்கிறது. பழையபடி ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

பாலவாக்கத்துத் துண்டு அப்படியே கிடக்கிறது. எப்போது போகலாம் என்று போன வாரம் கேட்டேன். பயிற்சிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வியர்வையோடு நின்றிருந்தாள்.

“மழை உடட்டும்க்கா. சும்மா தொணதொணக்காத.”