எந்த ரூபி?

உலக வரைபடத்தில் எங்கள் வீடு இல்லை. சென்ற வருடம் ஒருநாள் மத்தியானம் பாளையங்கோட்டையிலிருந்து அக்கா கூப்பிட்டாள். தெருத்தெருவாக நடந்து பார்க்கிற மாதிரி காட்டும் வரைபடம் ஒன்று கைபேசியில் இருப்பதை அவளுடன் வேலை பார்க்கும் ஆசிரியைகள் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் விலாசத்தைப் போட்டு, ஜெர்மனிக்கு வந்து, பீலஃபெல்ட் நகரத்துக்குள் நுழைந்து, எங்கள் தெருவரைக்கும் வந்துவிட்டாள். ரொட்டிக் கடை தெரிகிறது. சைக்கிள் நிறுத்துமிடம் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் நான்கு மாடி உயரத்துக்கு வெறும் மங்கல். "ஏல, உங்க வீட்ல தீ கீ புடிச்சிருக்கா? ஒரே பொகையால்லா இருக்கு" என்றாள். தீயெல்லாம் இல்லை, கீழ்வீட்டுக்காரர் எழுதிக் கேட்டுக்கொண்டதால் கட்டடத்தையே மறைத்துவிட்டார்கள், இந்த நாட்டில் அப்படிக் கேட்கலாம் என்று விளக்கினேன். அக்கா கொஞ்சம் யோசித்தாள். "எதுக்கு மறைக்காவ? உள்ள என்ன வச்சிருக்காரு அந்த மனுசன்?" என்று கேட்டாள். அவர் ஓய்வுபெற்ற தபால்காரர். உள்ளே ஒரு பூனைதான் இருக்கிறது.

நான் இங்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. பொட்டலம் கட்டும் இயந்திரங்கள் செய்கிற தொழிற்சாலையில் மென்பொருள் சோதிக்கும் வேலை. ஓர் இயந்திரம் எவ்வளவு விஷயங்களைச் சத்தமில்லாமல் குறித்துவைத்துக்கொள்ளும் என்பதைத் தினமும் பார்க்கிறவன் என்பதால் எனக்குச் சந்தேகம் அதிகம். மடிக்கணினியின் கேமராவுக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பேன். கடையில் தள்ளுபடி அட்டை தந்தால் வாங்க மாட்டேன். ஊரில் இருந்தவரை என்னைக் கிறுக்கன் என்றார்கள். இங்கே வந்தபிறகுதான் என்னைப் போன்ற கிறுக்கர்கள் ஒரு நாடு நிறைய இருப்பது தெரிந்தது. அவர்கள் அதற்கு டாட்டன்ஷுட்ஸ் என்று ஒரு பெயரும் சட்டமும் வைத்திருக்கிறார்கள். தகவல் பாதுகாப்பு என்று சொல்லலாம். வந்த இரண்டாவது வாரமே அந்த வார்த்தையைக் கற்றுக்கொண்டு, விலாசம் பதிகிற அலுவலகத்தில் அதைப் பிரயோகித்தும் பார்த்தேன். கணினிக்கு முன்னால் இருந்த அம்மாள் "மதம்?" என்று கேட்டார். "அது என் சொந்த விஷயம், டாட்டன்ஷுட்ஸ்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சொந்த விஷயம்தான். வரிக்காகக் கேட்கிறேன்" என்றார். இங்கே தேவாலய வரியை அரசாங்கமே பிடித்துக்கொடுக்கிறது. ஆக, எங்கள் வீட்டுச் சுவரை உலகம் பார்க்க முடியாது, நான் ஞானஸ்நானம் பெற்றவன் என்பது மட்டும் அரசாங்கக் கணினியில் பத்திரமாக இருக்கிறது. அன்றைக்கு எனக்கு அது முரணாகவே படவில்லை.

முரணெல்லாம் ஊரில்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் விடுமுறையில் போனபோது, வண்ணார்பேட்டை பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒரு தள்ளுவண்டியில் வடை வாங்கினேன். வடையைத் தூக்கினால் தாளிலிருந்து ஒரு மனிதர் என்னைப் பார்க்கிறார். யாரோ ஒருவருடைய ஆதார் அட்டையின் நகல். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, எண், கங்கைகொண்டான் விலாசம், எல்லாம் எண்ணெயில் ஊறிப் பளபளவென்று இருந்தன. கடைக்காரரிடம் காட்டினேன். "ஜெராக்ஸ் கடையில கழிச்சுப் போடுத தாளு அண்ணாச்சி, மொத்தமா வாங்குதோம்" என்றவர், உற்றுப் பார்த்துவிட்டு, "அட, இவரா? தெரிஞ்ச ஆளுதான். தங்கமான மனுசன். நீங்க ஒண்ணும் பயப்படாதிய" என்றார். தாளில் இருந்த ஆளைக் கண்டு நான் பயந்துவிட்டதாக அவர் எடுத்துக்கொண்டார். நான் அந்த நகலைச் சுக்குநூறாகக் கிழிப்பதைப் பார்த்து, எண்ணெய் ஒட்டுகிறது போலிருக்கிறது என்று இரக்கப்பட்டு இன்னொரு தாள் தந்தார். அது யாரோ ஒரு பிள்ளையின் மாற்றுச் சான்றிதழ்.

அக்காவிடம் போய்ப் பொரிந்து தள்ளினேன். கைரேகையைக் கேட்ட இடத்திலெல்லாம் வைக்காதே என்றேன். தெருமுனையில் போலீஸ்காரர்கள் மாட்டச் சொன்ன கேமரா அவள் வீட்டு வாசலை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பதைச் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். "பாக்கட்டும். கள்ளன் வரமாட்டாம்லா. நான் என்னத்தலே மறைக்கப் போறேன்?" என்றாள். மறைக்க எதுவும் இல்லாவிட்டாலும் மூடிவைக்க உரிமை உண்டு என்று நான் பேசிய பேச்சில் பாதி, மீன் செதிலோடு தண்ணீரில் போய்விட்டது.

இனி ரூபி. ரூபி என் மனைவி. அது அவளுடைய உண்மையான பெயர் அல்ல. இதை எழுத அனுமதி கேட்டபோது அவள் போட்ட முதல் நிபந்தனை அது. சென்ற இலையுதிர் காலத்தில் அவளுடைய கழுத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. பத்து வருடத்துக்கு முன் அதே இடத்தில் பாளையங்கோட்டையில் ஓர் அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே, "யார்ட்டயும் சொல்லக் கூடாது. அம்மாவுக்குத் தெரியவே கூடாது" என்று சொல்லிவிட்டாள். அவளுடைய அம்மா திசையன்விளையில் தனியாக இருக்கிறார், நெஞ்சுப் படபடப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர். காரணம் அது மட்டும் இல்லை. "எங்கப்பா குடிச்சாருல்லா, அம்மா வேற வழியில்லாம ஜெபக் குறிப்புல எழுதிக் கொடுத்தா. ஞாயித்துக்கெழம கோயில்ல பேர் சொல்லி ஜெபிச்சாவ. திங்கக்கெழம பள்ளிக்கூடத்துல டீச்சர் வந்து என் தலயத் தடவுனாவ. அதுக்கப்புறம் நான் மொத மார்க் வாங்குனாலும் 'பாவம், அந்தப் பிள்ள'தான்" என்றாள். அப்பா குடியை விட்டாரா என்று கேட்டேன். "விட்டுட்டாரு. அதுதான் கஷ்டம்" என்றாள்.

அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். ஒரு வாரம் காப்பாற்றினேன். இங்குள்ள மருத்துவர் ஊசி வைத்துச் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார். பழைய அறுவைச் சிகிச்சையின் அறிக்கை கிடைத்தால் உதவியாக இருக்கும் என்றார். அது எங்களிடம் இல்லை. ஊரில் யாராவது மருத்துவமனைக்குப் போய்க் கேட்க வேண்டும். ரூபியிடம் சொன்னால் வேண்டாம் என்பாள் என்று தெரியும். அதனால் சொல்லாமல், அக்காவுக்கு மட்டும் விஷயத்தைச் சொல்லி, ஊர் டாக்டருக்குப் புரியட்டும் என்று இங்குள்ள மருத்துவரின் கடிதத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். யாரிடமும் சொல்லாதே என்று இரண்டு தடவை எழுதினேன். செய்தி நடுவழியில் யாருக்கும் புரியாதபடி பூட்டப்பட்டே போகும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்றுகூட எனக்குத் தெரியும். எனக்கு அந்த அளவில் நிம்மதியாக இருந்தது.

அக்கா யாரிடமும் சொல்லவில்லை. அவள் மனதில் இன்றுவரை அப்படித்தான். சபையின் ஜெபக் குழுவில் போட்டாள், அவ்வளவுதான். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கு இது புரியும். ஜெபத்துக்குச் சொல்வது வேறு, ஊருக்குச் சொல்வது வேறு. முன்பெல்லாம் துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். இப்போது வாட்ஸ்அப் குழு, அதில் ஏறத்தாழ முந்நூறு பேர். மருத்துவரின் கடிதத்தை அப்படியே போட்டிருந்தாள். ரூபியின் முழுப்பெயர், பிறந்த தேதி, வரைபடத்தில்கூட இல்லாத எங்கள் வீட்டின் விலாசம், காப்பீட்டு எண், எல்லாம் அதில் இருந்தன. ஜெர்மன் மொழியில் இருக்கிறதே என்று குழுவில் யாரோ கவலைப்பட, இன்னொருவர் அதைச் செயற்கை நுண்ணறிவு செயலி ஒன்றில் போட்டுத் தமிழில் விளக்கம் வாங்கிப் பகிர்ந்தார். கடிதத்தில் 'இன்னும் தெளிவில்லை, சோதனை தேவை' என்று இருந்தது. செயலி தயங்கவே இல்லை. புற்றுநோய் என்று முடிவு சொல்லி, என்ன சாப்பிடலாம் என்று ஒரு பட்டியலும் தந்துவிட்டது.

குழுவிலிருந்த யாரோ அதைத் திசையன்விளைக்கும் அனுப்பியிருந்தார்கள். அங்கிருந்து அழைப்பு வந்தபோது ரூபி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது. "பக்கத்து வீட்டுக்காரி வந்து என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதா. எதுக்கு அழுதான்னு எனக்குத் தெரியலம்மா. அவட்டயே கேட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்" என்றார். பேசி முடித்ததும் ரூபி என் மடிக்கணினியைப் பார்த்தாள். "கேமராவுக்கு ஸ்டிக்கர் ஒட்டுதீங்க. வாய்க்கு ஒட்டலயே" என்றாள். அதற்குப் பிறகு தேவைக்கு மட்டும் பேசினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தைக் கோபமாக மாற்றிக்கொள்வது சுலபம் என்பதால் அக்காவைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

"ஜெபத்துக்குப் போட்டது தப்பாலே?" என்றாள் அக்கா.

"போட்டதுதான் போட்ட, பேர மட்டும் போட்டாப் போதாதா? எதுக்கு அந்தக் கடுதாசி?"

"எந்த ரூபின்னு கேப்பாவல்லா? நம்ம சபையிலயே மூணு ரூபி இருக்காவ."

"ஆண்டவருக்கு எந்த ரூபின்னு தெரியாதா?"

"ஆண்டவருக்குத் தெரியும்லே. ஜெபம் பண்ணுதவங்களுக்குத் தெரிய வேண்டாமா?"

பிறகு அவள் அழுதாள். மூன்று நாளாக மத்தியானச் சாப்பாட்டை விட்டு உபவாசம் இருப்பதாகச் சொன்னாள். பழைய அறிக்கை கிடைத்துவிட்டதாகவும் சொன்னாள். மருத்துவமனையின் பழைய ஏடுகள் இருக்கும் அறையில் வேலை பார்ப்பவர் அந்த ஜெபக் குழுவில் இருக்கிறார். பார்த்ததும் அவரே போய், பத்து வருடத்துத் தூசியில் அரை நாள் தேடி எடுத்துவிட்டார். ரூபியின் கையெழுத்து யாருக்கும் தேவைப்படவில்லை. அதை வாங்கி அச்சிட்டு இங்குள்ள மருத்துவரிடம் கொடுத்தேன். இவ்வளவு சீக்கிரம் எப்படிக் கிடைத்தது என்று அவர் ஆச்சரியப்பட்டார். எங்கள் ஊரில் நல்ல ஒழுங்கு என்று சொல்லிவைத்தேன்.

சோதனை முடிவு எப்போது வரும் என்று கேட்க மருத்துவமனைக்குத் தொலைபேசினேன். "நீங்கள்தான் நோயாளியா?" என்றது ஒரு பெண் குரல். கணவன் என்றேன். "அப்படியானால் அந்தப் பெயரில் எங்களிடம் நோயாளி இருக்கிறாரா என்பதைக்கூட நான் சொல்ல முடியாது" என்றார். போன வாரம் நீங்கள்தானே அவளுக்குத் தண்ணீர் கொடுத்தீர்கள், பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தானே என்றேன். "இருக்கலாம்" என்றார். இதே பதிலை வேறு யாருக்காவது அவர் சொல்லியிருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். ரூபி சோபாவில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பல நாளைக்குப் பிறகு அன்றுதான் அவள் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன்.

முடிவு சொல்லும் நாள் ஒரு வெள்ளிக்கிழமையாக அமைந்தது. காலை பத்து மணிக்குப் போனோம். வரவேற்பு மேசையில் ஒரு படிவம் கொடுத்தார்கள். உங்கள் உடல்நிலையைப் பற்றி நாங்கள் யார் யாரிடம் பேசலாம் என்று கேட்டு, பெயர் எழுத இரண்டு வரி விட்டிருந்தது. நான் என் பேனாவை எடுத்துக் கொடுத்தேன். ரூபி படிவத்தைத் தன் பக்கமாகத் திருப்பி, பரீட்சையில் பக்கத்துப் பிள்ளைக்குக் காட்டாமல் எழுதுகிறவளைப் போலக் கையால் மறைத்துக்கொண்டு எழுதினாள். மடித்துத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். பேனாவை எனக்குத் திருப்பித் தந்தாள். மருத்துவர் கூப்பிட்டபோது நானும் பாதி எழுந்தேன். "நான் தனியாப் போய்ட்டு வாரேன்" என்றாள். கதவு மூடியது.

அது வெள்ளிக்கிழமை என்பதால் பாளையங்கோட்டையில் உபவாச ஜெபம் நடந்துகொண்டிருந்தது. என் கைபேசி சட்டைப்பையில் துடித்துக்கொண்டே இருந்தது. எனக்குத் தெரியாத எண்களிலிருந்தெல்லாம் "என்ன ஆச்சி தம்பி?" "டாக்டர் என்ன சொன்னாவ?" என்று கேட்டிருந்தார்கள். மற்ற இரண்டு ரூபிகளும் சாப்பிடாமல் கோயிலுக்கு வந்திருப்பதாக அக்கா எழுதியிருந்தாள். என் சம்மதம் இல்லாமல் எதுவும் யாருக்கும் போகக் கூடாது என்று வாழ்ந்தவன், மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்து, முந்நூறு பேருக்குச் சொல்ல ஒரு தகவலும் இல்லாமல் இருந்தேன். அந்தப் படிவத்தில் என் பெயர் இருந்ததா என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. கேட்கப் பயமாக இருக்கிறது.

அரைமணி நேரம் கழித்து அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்த நடைக்கூடத்தில் எங்களைத் தவிரத் தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை. ஆனாலும் என் காதுக்கருகில் குனிந்து, பைய, மருத்துவர் சொன்னதைச் சொன்னாள். அது என்ன என்பதை இங்கே எழுதக் கூடாது என்பது அவளுடைய இரண்டாவது நிபந்தனை. கைபேசி மறுபடி துடித்தது.

"அக்காவுக்கு என்ன சொல்ல?" என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். "தொடர்ந்து ஜெபிக்கச் சொல்லுங்க" என்றாள். "எதுக்குன்னு சொல்லாதீங்க."

அந்த முதல் பாதியை மட்டும் எழுதி அனுப்பினேன். அக்கா அதைக் குழுவில் போட்டிருக்க வேண்டும், பாளையங்கோட்டையிலிருந்து கூப்பிய கைகள் வர ஆரம்பித்தன. ரூபி என்னிடமிருந்து கைபேசியை வாங்கிக்கொண்டாள். நகர்ந்து போகும் பெயர்களை விரலால் நிறுத்தி நிறுத்தி, யார் யார் என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.