மரத்துப்போன இடம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவின் பாசிர் கூடாங்கில் நான் சூப்பர்வைசராக இருக்கும் தொழிற்சாலையில் நடந்தது இது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் என் நண்பனுக்கு ஒரு வாரமாக இடுப்பு வலி. பாரம் தூக்கித் தசை பிடித்துக்கொண்டு நானும் இரண்டு முறை படுத்திருக்கிறேன், தானாகவே சரியாகிவிட்டது. அதனாலேயே அவனுக்கு வைத்தியம் சொல்லும் தகுதி எனக்கு இருப்பதாக நினைத்தேன்.

அன்று காலை கேண்டீனில் உட்கார்ந்தவன் முகம் சுளித்தான்.

"ரெண்டு காலும் இழுக்குதுடா. உட்கார்ற இடமே மரத்துப் போச்சு. கிளினிக் போய்ட்டு வரவா?"

"அலமாக், அதுக்கெல்லாம் டாக்டர் எம்.சி. லீவு தர மாட்டாங்கடா. இன்னிக்கு கண்டெய்னர் ஏத்தணும். ஞாயித்துக்கெழம போய் உடம்பு பிடிச்சு விடச் சொல்லு லா" என்றேன் நான்.

மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்துவிட்டு வேலைக்குப் போனான்.

மறுநாள் மதியம் அவன் மனைவி அழைத்தார். காலையிலிருந்து சிறுநீர் இறங்கவில்லையாம், அடிவயிறு கல்லாகிக் கிடந்ததாம். என் காரில்தான் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் முதுகெலும்பின் பிளாஸ்டிக் மாதிரியைக் காட்டி விளக்கினார். எலும்புகளுக்கு நடுவே மெத்தை போலிருக்கும் வட்டு ஒன்று பிதுங்கி, இடுப்பில் குதிரை வாலாய்த் தொங்கும் நரம்புக் கொத்தை நசுக்கிவிட்டது. சிறுநீரும் மலமும் கால்களும் அந்த நரம்புகளை நம்பித்தான் இருக்கின்றன.

"மரத்துப் போனது எப்போ இருந்து?" என்று கேட்டார்.

அவன் மனைவிக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். "நேத்து காலையில இருந்து" என்றேன்.

"அப்பவே வந்திருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, அறுவை சிகிச்சைக்கு ஏற்பாடு செய்யப் போனார்.

இன்று அவன் ஊன்றுகோலுடன் நடக்கிறான். சிறுநீரைத் தானே குழாய் செருகித்தான் எடுக்கிறான். ஃபோர்க்லிஃப்ட் வேலை போய்விட்டது. மன்னிப்புக் கேட்டபோது, "விடுடா, நானும்தான சிரிச்சேன்" என்றான். அவன் மனைவியோ, நான் போகும்போதெல்லாம் தேநீரை வைத்துவிட்டு உடனே உள்ளே போய்விடுவார்.

பெரும்பாலான இடுப்பு வலி ஓய்விலேயே தீர்ந்துவிடும் என்று அந்த டாக்டரே பிறகு சொன்னார். ஆனாலும் இப்போது யாராவது இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தால், மரத்திருக்கிறதா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்று கூச்சம் பார்க்காமல் கேட்டுவிடுகிறேன். இதைக் கற்றுக்கொள்ள அவனுடைய உடம்பு தேவைப்பட்டதே என்ற நினைப்புதான் இன்னும் என்னை நிம்மதியாக விடுவதில்லை.